சட்ட ஆசிரியர் ஏன் நீதிமன்றம் போக முடியவில்லை?

ஐந்து ஆண்டுகள் சட்டம் படித்து, கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளும் ஒருவர், அன்றுவரை ஒரு கட்சிக்காரரிடம்கூட எதிரில் உட்கார்ந்து பேசியிருக்காமல் இருக்க நம் நாட்டில் வாய்ப்பு உண்டு. அடிப்படை உரிமைகளை அவர் வரிசை தவறாமல் சொல்வார். முக்கியத் தீர்ப்புகளின் பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும். ஆனால் கையில் ஒரு நோட்டீஸை வைத்துக்கொண்டு பதற்றத்தில் முன்னுக்குப் பின் பேசும் ஒரு பெண்ணிடம் முதலில் எதைக் கேட்பது, எதை எழுதிக்கொள்வது, எந்த அலுவலகத்துக்கு இன்றே போயாக வேண்டும் என்பதை அவருக்கு யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்த பிறகு தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொள்வார். அந்தத் தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர்கள் அவருடைய முதல் சில கட்சிக்காரர்கள். பெரும்பாலும் அவர்கள் வேறு வக்கீலைத் தேடிப் போக வசதியில்லாதவர்கள்.

இந்தக் குறையைத் தீர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பேராசிரியர் என்.ஆர். மாதவ மேனன். 1935-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், இளம் வயதிலேயே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர். பிறகு ஆசிரியப் பணிக்கு வந்து அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கினார். அதன் பின் கொல்கத்தாவின் தேசிய நீதியியல் பல்கலைக்கழகத்துக்கும், நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் போபால் தேசிய நீதித் துறை அகாடமிக்கும் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். 2019 மே மாதம் காலமானார். மறைவுக்குப் பிறகு 2020-இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவர் கட்டிய நிறுவனங்களைத்தான் பேசுகிறார்கள். அந்த நிறுவனங்களுக்கு அடியில் அவர் வைத்த கொள்கை ஒன்று இருக்கிறது. சட்டக் கல்வியும் ஏழைகளுக்கான சட்ட உதவியும் இரண்டு தனி வேலைகள் அல்ல. ஒன்றைச் சரியாகச் செய்தால்தான் மற்றொன்று நடக்கும் என்பதே அது. அந்தக் கொள்கை நம் சட்டக் கல்லூரிகளில் இன்றுவரை பாதிதான் நிறைவேறியிருக்கிறது. மீதிப் பாதி எங்கே தடைபட்டு நிற்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிளினிக் வழிக் கல்வி என்றால் என்ன?

1933-இல் ஜெரோம் ஃப்ராங்க் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். மருத்துவம் படிப்பவர் நோயாளியைப் பார்க்காமல் டாக்டராக முடியாது. சட்டம் படிப்பவர் மட்டும் ஏன் கட்சிக்காரரைப் பார்க்காமல் வக்கீலாகிறார்? மருத்துவக் கல்லூரியோடு ஆஸ்பத்திரி ஒட்டியிருப்பதுபோல, சட்டக் கல்லூரியோடு ஒரு சட்ட கிளினிக் ஒட்டியிருக்க வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் பரவலாகப் பதில் கிடைக்க 35 ஆண்டுகள் ஆயின. 1968-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய ஓர் அமைப்பு, சட்டக் கல்லூரிகள் கிளினிக் நடத்த நிதி கொடுத்தது. மாநில நீதிமன்றங்கள் விதிகளை மாற்றி, மேற்பார்வை செய்யும் வழக்கறிஞர் உடனிருந்தால் மாணவரே நீதிமன்றத்தில் ஏழைக் கட்சிக்காரருக்காக வாதாடலாம் என்று அனுமதித்தன.

இதை மாதிரி நீதிமன்றப் போட்டியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதிரி நீதிமன்றத்தில் வழக்கின் விவரங்கள் அச்சடித்துக் கையில் கொடுக்கப்படும். இரு தரப்பும் அவற்றை மறுக்காது. சட்ட வாதம் மட்டும்தான் பாக்கி. நிஜ வழக்கில் விவரங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே முக்கால்வாசி வேலை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். திருட்டு வழக்கில் கைதாகி ஓராண்டுக்கு மேலாகச் சிறையில் இருக்கும் விசாரணைக் கைதி ஒருவர். திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் அவரைப் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. இந்தப் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வரும் முன் பதிவான வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

வகுப்பறையில் இதற்கு விடை ஒரு வரி: அவரை விட்டுவிட வேண்டும். கிளினிக்கில் மாணவர் அந்த வரியில் நிற்க முடியாது. இவர்மேல் வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா? இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. கைதான தேதி எது? ரிமாண்டு ஆவணத்தில் ஒரு தேதியும் அவர் சொல்வதில் வேறொரு தேதியும் இருந்தால் எதை நம்புவது? ஏற்கெனவே ஜாமீன் கிடைத்து, ஜாமீன்தாரர் இல்லாததால்தான் உள்ளே இருக்கிறாரா? வீட்டில் யாருக்குத் தகவல் போயிருக்கிறது? இதையெல்லாம் கேட்டு, சரிபார்த்து, மனு எழுதி, அதை ஆசிரியரிடம் காட்டி, திருத்தம் வாங்கி, திரும்ப எழுதி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் கையில் ஒப்படைத்து, வாய்தா தோறும் என்ன ஆயிற்று என்று பின்தொடர வேண்டும். வேலை முடிந்ததும் ஆசிரியரும் மாணவர்களும் உட்கார்ந்து, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டோம், ஏன் விட்டோம் என்று பேச வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் கிளினிக்கைக் கல்வியாக்குகிறது. அது இல்லாவிட்டால் நடப்பது வெறும் எடுபிடி வேலை.

இந்தியாவில் தொடங்கிய விதம்

இந்தியாவில் இந்த யோசனை சட்ட உதவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-இல் தந்த அறிக்கையும், 1977-இல் அவரும் நீதிபதி பி.என். பகவதியும் சேர்ந்து தந்த அறிக்கையும், ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் பணியில் சட்டக் கல்லூரிகளைச் சேர்க்கச் சொல்லின. இடையில் 1976-இல் 42-ஆவது திருத்தம் வழியாக அரசியலமைப்பில் பிரிவு 39ஏ சேர்ந்தது. பணமில்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது. அதற்காக அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது.

டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து சட்ட உதவி கிளினிக்கை அந்தக் காலத்தில்தான் நடத்தத் தொடங்கினார்கள். மேனன் அதில் முன்னின்றார். இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே சட்டத் துறையில் அவருடைய சக ஆசிரியர்களாக உபேந்திர பக்ஷியும் லொதிகா சர்க்காரும் இருந்தார்கள். பொதுநல வழக்கு என்று நாம் இன்று சொல்வதன் வரலாற்றில் இந்த இருவருக்கும் தனி இடம் உண்டு.

மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட மதுரா வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் இரு காவலர்களையும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்பதை அந்தத் தீர்ப்பு சம்மதத்துக்கு அறிகுறியாக எடுத்துக்கொண்டது. 1979 செப்டம்பரில் பக்ஷி, லொதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று அதில் வாதிட்டார்கள். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தன. 1983-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமை தனிக் குற்றமானது. அத்தகைய வழக்கில் தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை உண்மையென்று அனுமானிக்க வேண்டும் என்ற விதி சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது.

1981-இல் பக்ஷியும் லொதிகா சர்க்காரும் இன்னொரு கடிதம் எழுதினார்கள். ஆக்ராவின் பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் மனிதர்கள் வாழ முடியாத நிலையில் வைக்கப்பட்டிருப்பது பற்றிய பத்திரிகைச் செய்தியைச் சுட்டிக்காட்டி, இது உயிருக்கும் கண்ணியத்துக்கும் உத்தரவாதம் தரும் பிரிவு 21-க்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். நீதிமன்றம் கடிதத்தையே ரிட் மனுவாக ஏற்றது. மாவட்ட நீதிபதி இல்லத்தைப் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டு, ஆண்டுக்கணக்கில் வழக்கைக் கண்காணிப்பில் வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவர் நேரில் வர முடியாதபோது அவருக்காக நல்லெண்ணத்தோடு மற்றொருவர் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற கொள்கை நிலைபெற இப்படிப்பட்ட வழக்குகள் உதவின.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் ஒரே உண்மை தெரிகிறது. சட்ட ஆசிரியருக்கு ஃபீஸ் கொடுக்கும் கட்சிக்காரர் இல்லை. நாளைக்கு அதே நீதிபதி முன் நின்றாக வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்தச் சுதந்திரம் அவரைப் பொதுநலச் சட்டப் பணிக்கு மிகவும் பொருத்தமானவராக்குகிறது. ஆனால் அவர் கையில் இருந்த கருவி கடிதம்தான். வக்காலத்து அல்ல.

பெங்களூரும் பாடத்திட்டமும்

கர்நாடகச் சட்டமன்றம் 1986-இல் இயற்றிய சட்டத்தின்படி பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி அமைந்தது. முதல் அணி மாணவர்கள் 1988-இல் சேர்ந்தார்கள். சட்டம் என்பது வேறு எதுவும் கிடைக்காதவர்கள் மாலை நேரத்தில் படிக்கும் படிப்பு என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. பிளஸ் டூ முடித்த கையோடு, முழுநேரமாக, ஐந்து ஆண்டுகள், சமூக அறிவியலோடு சேர்த்துச் சட்டம் படிக்கும் முறையை மேனன் அங்கே செய்து காட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் அதை நடத்தினார். அந்த மாதிரியில் நாட்டில் இன்று இருபதுக்கும் மேற்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

கிளினிக் கல்வியைத் தம் பள்ளியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆசிரியர்களுக்கென 1998-இல் ஒரு கையேட்டைத் தொகுத்தார். அதே காலகட்டத்தில் இந்திய பார் கவுன்சில் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் நான்கு செயல்முறைத் தாள்களைக் கட்டாயமாக்கியது. அவற்றில் ஒன்று பொதுநல வழக்காடலும் சட்ட உதவியும் பற்றியது. 2008-இல் வந்த சட்டக் கல்வி விதிகள் இந்தத் தாள்களை மாற்றியமைத்தன. மனு வரைதல், தொழில் அறம், மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றத்தோடு உள்ளகப் பயிற்சி என்பவை கட்டாயத் தாள்களாயின. பொதுநல வழக்காடலுக்கு இருந்த தனிக் கட்டாயத் தாள் போயிற்று. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கல்லூரியும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி கிளினிக் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது.

ஆக, கட்டமைப்பில் குறை சொல்ல இடமில்லை. அரசியலமைப்பு சொல்கிறது. பார் கவுன்சில் விதி சொல்கிறது. 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமும், பார் கவுன்சிலோடு கலந்து பேசிச் சட்டக் கல்லூரிகளில் கிளினிக் கல்வியை வளர்ப்பது தேசிய ஆணைக்குழுவின் கடமை என்கிறது. இத்தனை இருந்தும் பெரும்பாலான கல்லூரிகளில் கிளினிக் என்பது ஆண்டுக்கு ஒன்றிரண்டு சட்ட விழிப்புணர்வு முகாமாகச் சுருங்கிக் கிடக்கிறது. கிராமத்துக்குப் பேருந்தில் போய், துண்டறிக்கை கொடுத்து, பேசி, படம் எடுத்துத் திரும்புவதோடு அந்த ஆண்டுக் கணக்கு முடிகிறது. முகாமில் ஒரு மூதாட்டி எழுந்து தன் பட்டா சிக்கலைச் சொன்னால், அதை எடுத்து நடத்த அங்கே ஆள் இல்லை.

சிக்கல் எங்கே?

வழக்கறிஞர்கள் நடத்தைக்கான பார் கவுன்சில் விதிகளில் 49-ஆவது விதி, வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் எந்த நிறுவனத்திலும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. சட்டக் கல்லூரிப் பேராசிரியர் முழுநேரச் சம்பள ஊழியர். ஆகவே அவர் வழக்கு நடத்த முடியாது. ஆனால் எதிர்த் திசையில் கதவு திறந்திருக்கிறது. 1995-இல் வந்த தனி விதிகளின்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தலாம். வக்கீல் ஆசிரியராகலாம். ஆசிரியர் வக்கீலாக முடியாது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கிளினிக்கை மேற்பார்வை செய்ய வேண்டியவர் அந்த மூத்த ஆசிரியர். தன் மாணவர் எழுதிய ஜாமீன் மனுவைக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்யும் உரிமை அவருக்கில்லை. குறுக்கு விசாரணையைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்திராதவராக இருக்கலாம். அது அவர் குற்றமல்ல. விதி அவரை அப்படி வைத்திருக்கிறது.

49-ஆவது விதிக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. சம்பளம் தரும் முதலாளிக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே வழக்கறிஞரின் விசுவாசம் பிளவுபடக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு கம்பெனி அதிகாரி தன் கம்பெனிக்காகவே வாதாடும்போது அந்த அச்சம் பொருந்தும். கூலி கேட்காத கிளினிக்கில், ஏழை ஒருவரின் வழக்கில், கற்பிக்கும் கடமையின் ஒரு பகுதியாக நிற்கும் ஆசிரியருக்கு அது எப்படிப் பொருந்தும்? இளம் வழக்கறிஞர்களின் பிழைப்பு கெடும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. வக்கீல் வைக்கவே முடியாதவரின் வழக்கை நடத்துவதால் யாருடைய வருமானமும் குறையாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஏழைகளை மாணவர்களின் பயிற்சிப் பொருளாக்கலாமா? இந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. மேற்பார்வை இல்லாத கிளினிக் ஏழைக்குச் செய்யும் தீங்கு உண்மையானது. செமஸ்டர் முடிந்ததும் கோப்பை மூடிவிட்டுப் போகும் கிளினிக் இன்னும் மோசம். ஆனால் இதற்கு விடை கிளினிக்கை மூடுவதல்ல. தகுதியான ஆசிரியர் ஒவ்வொரு தாளையும் பார்த்து, நீதிமன்றத்திலும் உடன் நின்று, விடுமுறையிலும் வழக்கைத் தொடர்வதுதான் விடை. அதாவது, இந்த ஆட்சேபமும் ஆசிரியருக்கு வழக்காடும் உரிமை வேண்டும் என்ற இடத்தில்தான் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

இன்றைக்கே செய்ய முடிந்தவை

விதி மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் மரண தண்டனை ஆய்வுத் திட்டம் இதற்குச் சான்று. பேராசிரியர் அனுப் சுரேந்திரநாத் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், சட்ட மாணவர்கள் சிறை சிறையாகப் போய் மரண தண்டனைக் கைதிகளிடம் பேசினார்கள். 385 கைதிகளில் 373 பேரின் விவரங்களைத் திரட்டி 2016-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று அது காட்டியது. அந்தத் திட்டம் பின்னர் கைதிகளுக்கான சட்ட உதவியாகவும் வளர்ந்தது. தண்டனை விதிக்கும் முன் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணியையும் மனநிலையையும் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பார்க்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் மனோஜ் வழக்கில் வகுத்த நெறிமுறை, இப்படிப்பட்ட பணி எவ்வளவு அவசியமானது என்பதை உறுதிப்படுத்தியது.

எல்லாக் கல்லூரிக்கும் இந்த அளவு ஆள்பலம் இருக்காது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் சாதாரணக் கல்லூரிக்கும் வேலை உண்டு. முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டவருக்கு மேல்முறையீடு எழுத வழக்கறிஞர் பதிவு தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடவும் தேவையில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. அது தெரியாதவரை ஆணைக்குழுவின் வாசல்வரை அழைத்துப் போய் விண்ணப்பத்தை நிரப்பித் தரவும் தேவையில்லை.

இன்னும் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, வழக்கறிஞராகப் பதிவு செய்யாத ஒருவரையும் ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஆஜராக நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. ஆசிரியரோடு வரும் இறுதியாண்டு மாணவருக்கு எளிய வழக்குகளில் இந்த அனுமதியை எப்போது, எந்த நிபந்தனையோடு தரலாம் என்று உயர் நீதிமன்றங்கள் நெறிமுறை வகுத்தால், நாடாளுமன்றத்தின் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கிளினிக் வழக்குகளில் மட்டும், கட்டணம் வாங்காமல், முழுநேரச் சட்ட ஆசிரியர் ஆஜராகலாம் என்று பார் கவுன்சில் தன் விதிக்கு ஒரு விலக்கு எழுத வேண்டும். கிளினிக் மேற்பார்வையை வகுப்பெடுக்கும் நேரமாகவே கணக்கிட வேண்டும். பாடச்சுமைக்கு மேல் கூடுதல் சுமையாக ஏற்றினால் எந்த ஆசிரியரும் தாங்க மாட்டார். பதவி உயர்வின்போது ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கும் மதிப்பு, முடித்துவைத்த வழக்குக்கும் இருக்க வேண்டும். மாவட்ட ஆணைக்குழுக்கள் தங்கள் குழு வழக்கறிஞர்களைக் கல்லூரிக் கிளினிக்குகளோடு நிரந்தரமாக இணைத்துவிட வேண்டும்.

மேனனின் தலைமுறை, படிக்க வேண்டிய இடங்களைக் கட்டிக் கொடுத்தது. அங்கே படித்தவர்களில் மிகப் பலர் பெரிய சட்ட நிறுவனங்களுக்குப் போனார்கள் என்ற குறை மேனன் காலத்திலேயே எழுந்தது. மாணவர்களைக் குறை சொல்லி இதற்குத் தீர்வு காண முடியாது. ஏழை ஒருவரின் வழக்கைத் தொடக்கம் முதல் முடிவுவரை கையிலெடுத்து, அதன் பாரத்தையும் நிறைவையும் ஒருமுறையாவது உணர்ந்த மாணவருக்குத்தான், அப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பது தெரியும். அந்த வாய்ப்பைத் தர வேண்டியது கல்லூரியின் கடமை.

வரும் ஆண்டில் பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் பார்ப்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். இங்கே சட்ட உதவி கிளினிக் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது? அதற்கென்றே பொறுப்பான ஆசிரியர் யார்? சென்ற ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேருடைய காரியம் முடிந்தது? இந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக்கூடிய கல்லூரிகள் பெருகினால், விதிகளை மாற்றும்படி பார் கவுன்சிலை வலியுறுத்தும் குரல்கள் கல்லூரிகளுக்குள்ளிருந்தே எழும்.